புல்லாங்குழல்காரரின் மூன்று துளைகள்

கோயமுத்தூருக்கு வந்துபோகிற ஒருவர்கூடத் தன் வயிற்றைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர். காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் என் கணவருக்குப் பக்கத்துக் கட்டில். சிறுநீரகக் குழாயில் அடைப்பு. வயிற்றில் மூன்று துளை போட்டு, கேமரா விட்டுச் சரிசெய்திருந்தார்கள். அதனால் நர்ஸுகள் வைத்த பெயர் புல்லாங்குழல்காரர்.

அதே வாரம், அதே அடைப்பு, அதே டாக்டர் என் கணவருக்கும். துளையில்தான் ஆரம்பித்தார்கள். பழைய ஆபரேஷன் ஒன்றால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால், பாதியில் நிறுத்தி, விலாவுக்குக் கீழே நீளமாகத் திறக்க வேண்டியதாயிற்று.

"உள்ள செய்யற வேலை ஒண்ணுதாம்மா, வாசல்தான் வேற. இவருக்கு இதுதான் பத்திரம்" என்றார் டாக்டர்.

புத்திக்குப் புரிந்தது. ஆனால் மறுநாளே புல்லாங்குழல்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டம் சுற்றிப் பார்க்கிறவர் மாதிரி வராந்தாவில் நடந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் இருமுவதற்கே தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மணி, வலியே தெரீலீங்க. ரத்தமும் பெருசாப் போகலியாம். நாளன்னிக்கு ஊட்டுக்குப் போலாம்னுட்டாங்க" என்று சட்டையைத் தூக்குவார். டீ கொண்டுவந்தவர், லிஃப்ட் ஓட்டுகிறவர், எக்ஸ்ரே அறைக்கு வழி கேட்ட ஒரு பாவப்பட்ட தம்பதி என எல்லோரும் பார்த்தாயிற்று.

எங்கள் பையனுக்கு அப்போது பத்து மாதம். அப்பாவைக் கண்டாலே தாவுவான். அவரோ ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. வார்டு வாசலிலேயே நின்று அவனைக் காட்டுவேன். அவன் அலறுவான், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட்டிவந்தது தப்போ? வராவிட்டால் அப்பாவை மறந்துவிடுவானோ?

ஞாயிற்றுக்கிழமை புல்லாங்குழல்காரரின் சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கியது. அவர் கட்டிலில் சம்மணமிட்டுச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா சாமி அறுத்தாங்க?" என்றார் அவருடைய அக்கா.

பெருமையாகச் சட்டையைத் தூக்கினார்.

"இதுக்கா வேன் புடிச்சு வந்தோம்? கொசு கடிச்சாப்ல இருக்குது!"

ஏமாந்த கூட்டம் அப்படியே எங்கள் கட்டிலுக்குத் திரும்பியது. "இத்தாச்சோட்டுக் கட்டா, இத்தன பெருசா! பச்சப் புள்ளக்காரருக்கா இப்படி?" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தம்பிக்கு வந்த ஹார்லிக்ஸ் எங்கள் மேஜைக்கு வந்தது.

புல்லாங்குழல்காரர் முதல்முறையாகச் சட்டையை இறக்கிவிட்டார். "குடுத்து வெச்சவருங்க உங்க ஊட்டுக்காரரு. மூணு பிளாஸ்திரிக்கு யாருங் அம்மணி அழுவாங்க?"

"மாத்திக்கலாமுங்களாண்ணா?" என்று கேட்டேவிட்டேன்.

நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

ஆறு வாரம் முடிவதற்குள் மறுபரிசோதனைக்குப் போனபோது அவரும் வந்திருந்தார். பையன் அப்பாவைப் பார்த்துத் தாவினான். நான் பதறி இழுத்தேன். என் கணவர் கையை மடக்கிக்கொண்டார்.

புல்லாங்குழல்காரர் சட்டென்று, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் முன்னால் குந்தினார். பையனை வாங்கி அவர் மடிமேல் வைத்தார். அடியில் கொடுத்த கைகளை மட்டும் எடுக்கவில்லை.

"நானு தூக்கலாம்னுட்டாங்க. பாரம் எங்கிட்ட இருக்கட்டுங்க, புள்ள உங்ககிட்ட இருக்கட்டும்."

பையன் அப்பாவின் மூக்கைப் பிடித்துச் சிரித்தான். உள்ளேயிருந்து புல்லாங்குழல்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். "அடுத்த ஆளை உடுங்க சிஸ்டர்" என்று குந்தியபடியே சொன்னார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை.