பதினாலு மூக்கு, பதினாலு லேபிள்

…அதான் சொல்றேன் பேச்சி, எதிர்வீட்டு முத்தையா எங்கிட்ட முகங்கொடுத்துப் பேசாததுக்குக் காரணம் அவன் மூக்குல குச்சி விட்டதுதான். ஒரு தடவ விட்டதுக்கு இல்லடி. ரெண்டாந் தடவையும் விட வச்சேன்ல, அதுக்கு.

நீ அப்ப இந்தத் தெருவுக்குக் குடி வரல. எங்க வீட்டுல உக்காந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுற பொம்பளைக எல்லாத்துக்கும் கையில கொப்புளம். முதல்ல எனக்கு. இந்தா, தழும்பு தெரியுதா? வெளக்கப் போடு, தெரியும். சரி விடு, பெறகு பாப்ப. சோத்தப் பெசையக்கூட முடியல. முத்தையா என்ன பண்ணான்? பொழுதன்னைக்கும் எங்க வீட்டுலதான் கெடப்பான், பேப்பரு வாசிச்சுக் காட்டுறேன்னு. அவனுக்குக் கழுத்துல வந்திருச்சு. வந்ததும் தெருக்கொழாயடியில நின்னு சொல்லிட்டான்.

"இம்புட்டுக்கும் காரணம் உங்க மருமக வளக்குற பன்னிகதான். கொட்டகையப் பிரிச்சிருங்க."

என் மருமக செல்விக்கு ஏழு வெள்ளைப்பன்னி. எம்மகன் போன பெறகு அதுகள வச்சுத்தான் பிள்ளைகளப் படிக்க வைக்கிறா. கொட்டகையப் பிரின்னா அவ எங்கன போவா? நான் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன், கை உருவம் வாங்கிப் போடுறேன்னு. (கைக்கு மட்டுந்தான் நேர்ந்தேன். அங்கனதான் தப்புப் பண்ணேன்.)

அப்பத்தான் மாட்டாஸ்பத்திரி படிப்புப் படிக்கிற ஒரு டாக்டர் பிள்ள வந்துச்சு. சின்னப் பிள்ள, கண்ணாடி போட்டிருக்கும். தெருச் சனத்தக் கூட்டி வச்சுச் சொல்லுச்சு: "பாட்டி, கிருமிக்கும் வம்சம் இருக்கு. அதோட மரபணுவப் படிச்சா, எந்தக் கிருமி எதுல இருந்து வந்துச்சுன்னு சொல்லிறலாம். பன்னியில இருந்து மனுசனுக்கு வந்துச்சா, மனுசன்ல இருந்து பன்னிக்குப் போச்சான்னுகூடத் தெரியும்."

எனக்கு வெளங்கிருச்சு. பொண்ணு பாக்கப் போனா குலசாமி எதுன்னு கேக்கோம்ல? ஒரே சாமி கும்பிட்டா பங்காளி. அந்த மாதிரிதான்.

"பன்னி மேல தப்பில்லன்னா நான் வாயத் தொறக்கல. தப்புன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள கொட்டக இருக்கக்கூடாது," அப்படின்னான் முத்தையா. செல்வியும் சரின்னுட்டா.

அந்தக் கிருமி மூக்குலதான் குடியிருக்குமாம். முத்தையாவோட சேத்துக் கொப்புளம் வந்த ஏழு பேரு மூக்குலயும் பஞ்சுக்குச்சிய விட்டுச் சுத்துச்சு அந்தப் பிள்ள. மொதல்ல நான். குச்சிகளக் கண்ணாடிக் குழாயில போட்டு வரிசையா நட்டு வச்சுச்சு. பெறகு பன்னிக மூக்கு. ஆறு முடிஞ்சுது. ஏழாவது லட்சுமி, பெரிய தாய்ப்பன்னி. குச்சியக் கண்டதும் வேலியப் பிச்சுக்கிட்டு ஓடிருச்சு. டாக்டர் பிள்ள பின்னாடி ஓடுது, செல்வி அது பின்னாடி ஓடுறா.

இங்கன நான் ஒத்தையில இருக்கேன். முன்னால பதினாலு குழாய், ஒண்ணுலயும் லேபிள் இல்ல. பக்கத்துல ஒரு தாளு நெறைய லேபிள்.

நீயே சொல்லு. நாப்பது வருசமா லேபிள் ஒட்டுன கை சும்மா இருக்குமா? பசைகூட வேண்டாம், உரிச்சா ஒட்டிக்கிருது, அம்புட்டுச் சொகுசு. எனக்கு எழுத்துத் தெரியாது. எல்லாத்துலயும் கறுப்புக் கோடு கோடா, ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. கம்பெனியில லேபிளக் கீழ இருந்துதான் எடுப்போம். அதே மாதிரி கடைசி லேபிள உரிச்சு மொதக் குழாயில ஒட்டி, வரிசையா முடிச்சிட்டேன். லட்சுமியோட காலிக் குழாய்க்கும் சேத்து. ஒரு சுருக்கம் கெடையாது.

அந்தப் பிள்ள சேறும் சகதியுமா லட்சுமி குச்சியோட வந்துச்சு. மூச்சு வாங்குது.

"ஐயோ பாட்டி, வரிசையா ஒட்டுனீகளா?"

"வரிசை பெசகுமா தாயி? என்னயப் பாத்தா புதுசாத் தெரியுதா?"

ரொம்ப நன்றின்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

பல நாளு கழிச்சு வந்துச்சு. தெருவே கூடி நிக்கி. தாளப் பாத்து வாசிச்சுச்சு, மொகம் ஒரு மாதிரியா இருந்துச்சு. எங்க மூக்குலயெல்லாம் பன்னிக்கு வர்ற கிருமியாம். அதுலயும் முத்தையா மூக்குல குட்டிப்பன்னிக்கு மட்டும் வர்றதாம்.

"கேட்டீகளா? வெள்ளிக்கிழம!" அப்படின்னு முத்தையா குதிச்சான்.

செல்வி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நின்னா.

டாக்டர் பிள்ள மட்டும் தாளத் திருப்பித் திருப்பிப் பாக்குது. "மனுசங்களோடது பூராம் பன்னிக மூக்குல இருக்கு. அப்படியே எடம் மாறுன மாதிரி இருக்கே…"

சொன்னா மானம் போகும், சொல்லலைன்னா ஏழு பன்னி போகும்.

"தாயி," ன்னேன், "நான் லேபிளக் கீழ இருந்து உரிச்சேன்."

டாக்டர் பிள்ள புதுசா ஒரு லேபிள் தாள நீட்டுச்சு. ஒட்டிக் காட்டச் சொல்லுச்சு. ஒட்டிக் காட்டுனேன். அப்பக்கூடச் சுருக்கமில்ல.

"திருப்பி வாசிச்சாப் போதாதா?"ன்னு கேட்டேன். போதாதாம். மறுபடியும் பதினாலு மூக்கு. முத்தையா குச்சியப் பாத்ததும் லட்சுமி மாதிரியே ஓடுனான். அவனப் பிடிக்கத்தான் ரொம்ப நேரமாச்சு.

ரெண்டாவது முடிவு வந்துச்சு. எங்க ஏழு பேரு கிருமியும் ஒரே வம்சமாம். பன்னிக கிருமி வேற வம்சம், நம்ம கிட்டயே வரல. நாங்க ஏழு பேரும் பொதுவா எதத் தொட்டோம்னு கேட்டுச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தது என் பசைச்சட்டி பக்கத்துல கெடந்த துணிய. எல்லாருக்கும் கை தொடைக்க அது ஒண்ணுதான். முத்தையா வேர்த்தா கழுத்தத் தொடைக்கிறதும் அதுலதான்.

"ஒரு பன்னிக்கு மட்டும் உங்க கிருமியும் சேந்து இருக்கு. மனுசங்ககிட்ட இருந்து போயிருக்கு," ன்னுச்சு.

லட்சுமிதான். தெனமும் கழனித்தண்ணி குடிச்சதும் அதுக்கு வாயத் தொடைச்சு விடுவேன். அதே துணி.

கொட்டக நின்னுச்சு. மாத்திர மருந்துல எங்களுக்கும் ஆறிருச்சு, லட்சுமிக்கும் ஆறிருச்சு. இருக்கன்குடிக்குக் கை உருவம் வாங்கப் போனப்ப செல்வி கடைக்காரங்கிட்டக் கேக்கா: "அண்ணே, பன்னி உருவம் இருக்கா? எங்க அத்தைக்குப் பங்காளி ஒருத்தி இருக்கா." இப்ப வீட்டுல விசேசம்னாலே பேத்திக கேக்குதுக, "லட்சுமிப் பாட்டிக்குப் பத்திரிக வச்சாச்சா?"ன்னு.

ஐயையோ, பசை அடிப்பிடிக்கி, வாசன வரல? பேச்சி, அந்தக் கொடியில அஞ்சு துணி தொங்குதுல்ல, ஒண்ண எடு, சட்டிய எறக்கணும்.

ஏ, செவப்புக் கரை போட்டத எடுக்காத! அது லட்சுமியோடது.