முசே சொன்ன பொந்து

"தெரியாது" என்ற சொல்லை என் வாயிலிருந்து வரவழைக்க நாலு ஆமைகள் தேவைப்பட்டன. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம், யார் எதைக் கேட்டாலும் "தெரியும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் உதவியாள் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பேராசிரியர் சவரிநாதன் பிரான்சில் படித்த தமிழர். எல்லோருக்கும் அவர் 'முசே'. பேசுவதெல்லாம் தமிழ்தான். பாடம் சம்பந்தமான சொல் மட்டும் பிரெஞ்சில் வந்து விழும்.

"பிரெஞ்சு தெரியும்ல?" என்று கேட்டார்.

"வுய், முசே" என்றேன். ('ஆமாம், ஐயா' என்று அர்த்தம். என் பிரெஞ்சு அத்துடன் முடிந்தது. அவர் அதை ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டார்.)

மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

கூடத்துக்குப் பின்னால் மண் தரை முற்றம், நடுவில் சிமெண்ட் தொட்டி, அதில் ஆறு காராமைகள். நாலு பெட்டை, இரண்டு ஆண். பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் கழிவு வாங்கிவந்து போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலை. முட்டைக்குள் குஞ்சு உருவாவதை வாரம் ஒரு முட்டையாக உடைத்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது முசேயின் ஆசை. முந்தின வருஷம் ஆமைகள் தண்ணீருக்குள்ளேயே முட்டையிட்டு எல்லாம் வீணாகிவிட்டதாம். இந்த வருஷமும் தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவசரமாகக் காரைக்காலுக்குக் கிளம்பியவர், தொட்டியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நாலும் வயிறு கனத்துக் கெடக்குது. நான் ரெண்டு நாள்ல வந்துடுறேன். அதுக்குள்ள பொந்த்துக்கு எல்லாம் தயார் பண்ணிடு. புரிஞ்சுதா?"

"வுய், முசே."

ஆமைக்கு எதற்குப் பொந்து என்று ஒரு கணம் தோன்றியது. நண்டுக்கு இருக்கிறது, எலிக்கு இருக்கிறது, ஆமை மட்டும் என்ன பாவம் செய்தது? கடப்பாரையை எடுத்தேன். மதில் ஓரமாகப் பெட்டைக்கு ஒன்று வீதம் நாலு பொந்து, முழங்கை ஆழத்துக்கு. கடைசிப் பொந்தில் செங்கல் ஒன்று பெயர்ந்து மறுபக்கச் சந்து தெரிந்தது. காற்றோட்டத்துக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். ஏறிவரத் தொட்டியில் ஒரு பலகையும் சாய்த்துவைத்தேன்.

மறுநாள் காலை தொட்டியில் இரண்டு ஆண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சந்தில் ஓடினேன். முதல் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம், "உங்க வீட்டுக்குள்ள ஆமை வந்துச்சுங்களா?" என்று கேட்டேன். (வீட்டுக்குள் ஆமை வருவது ஆகாது என்று எல்லோரும் பயப்படுவது அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோனது.)

"விடியக்காலைல வாசல்ல நின்னு கேக்குற கேள்வியாடா இது? வாய கழுவுடா!" என்று வாளித் தண்ணீரை என் மேலேயே ஊற்றினாள். இரண்டாவது வீட்டில் விளக்குமாறு. மூன்றாவது வீட்டுக்காரருக்குச் செய்தி முன்னாலேயே போய்விட்டது, கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்தின் கடைசியில் தையல்கார ரஹீம் பாய் வீடு. நனைந்த கோலத்தில் நின்றவனைப் பார்த்து அவரே கேட்டார்.

"என்ன தேடுற தம்பி?"

அந்தச் சொல்லை மறுபடி வாயில் எடுக்கப் பயமாக இருந்தது. விரலால் ஆமை மாதிரி நடந்து காட்டினேன்.

"அடேய், உன்னுதா? பொறக்கடைல கூடையப் போட்டு மூடி வச்சிருக்கேன், வா."

சமையல்கட்டைப் பெரிதாக இழுத்துக் கட்டக் கொட்டிவைத்திருந்த ஆற்று மணல். மூன்று கூடை, மூன்று ஆமை. நாலாவது இன்றுவரை வரவில்லை. கூடையைத் தூக்கியபோது மணலில் வெள்ளை வெளேரென்று முட்டைகள் தெரிந்தன. தொட்டுப் பார்க்கப் போனேன். "கைய வைக்காத, வெவரம் தெரிஞ்சவங்க வரட்டும்" என்று தடுத்தார் பாய். அவர் அப்படித் தடுத்ததுதான் முசேயின் வருஷத்தைக் காப்பாற்றியது; ஆமை முட்டையைப் புரட்டினால் குஞ்சு வராது என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் முசே வந்ததும் பொந்துகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது, முசே."

"பொந்த்னா முட்டை போடுறதுடா. மணல் கொட்டி வைக்கச் சொன்னேன்."

"தெரியாதுன்னா வேலை குடுத்திருக்க மாட்டீங்கன்னு..."

"சரியாத்தான் நெனச்சிருக்க" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பாய் வீட்டு மணலில் முசே மண்டியிட்டு எண்ணினார். பதினாலு முட்டை. முட்டைகள் பொரியும்வரை மணலைத் தொடவேண்டாம் என்று பாயிடம் கேட்டுக்கொண்டார். பாய் மனைவிதான் உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "இத்தன வருஷம் குறுகலான கட்டுலதான ஆக்குறேன், இன்னும் கொஞ்ச நாள்ல என்ன ஆயிடப்போவுது?" வாராவாரம் மாணவர்கள் வரிசையாக வந்து அந்தப் புறக்கடையில் பாடம் படித்தார்கள். தேநீர் கொடுத்தது நான்.

வேலை நிரந்தரமானது, ஒரு நிபந்தனையோடு. நான் 'வுய்' சொல்லும் ஒவ்வொரு முறையும், என்ன புரிந்தது என்று தமிழில் ஒப்பிக்க வேண்டும். முப்பது வருஷம் ஒப்பித்தேன். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. உப்பு வாங்கிவரச் சொன்னால்கூட, "என்ன வாங்கணும், சொல்லுங்க பாப்பம்" என்கிறாள் என் மனைவி. போன வாரம் பேத்தியின் பிரெஞ்சு வகுப்பில் 'பொந்த்' என்ற சொல் வந்ததாம். அவள் ஒருத்தி மட்டும் விழுந்து விழுந்து சிரிக்க, டீச்சர் வெளியே நிறுத்திவிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு, "எங்க தாத்தா" என்று சொல்லியிருக்கிறாள்.