எல்லைக்கல்லுக்கு அப்பால் ஆறு இல்லை

ஒரு காட்டில் ஓர் ஆறும், அந்த ஆற்றைக் கவனிக்க ஓர் அலுவலகமும் இருந்தன. ஆறு மழைக்காலத்தில் மட்டும் ஓடியது. அலுவலகம் ஆண்டு முழுவதும் நடந்தது.

அங்கே துடுப்பன் என்ற நீர்நாய் ஏழு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருந்தது. ஆற்றைக் கணினிக்குள் ஓடவிட்டு, எவ்வளவு மழை பெய்தால் எந்த இடம் முழுகும் என்று சொல்வது அதன் வேலை. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த பிராணி என்பதால் வேலை கிடைத்தது என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். உண்மையில், விண்ணப்பத்தை ஈரம் படாமல் கொண்டுவந்து கொடுத்த ஒரே நீர்நாய் அதுதான்.

அந்த ஆண்டு சிங்கராஜாவுக்கு மேட்டுச்சரிவில் ஒரு விருந்தினர் மாளிகை தேவைப்பட்டது. சரிவில் நாற்பது முயல் குடும்பங்கள் வளை தோண்டி வாழ்ந்தன. அவற்றை ஆற்றோரப் புல்வெளிக்கு மாற்றுவது என்று முடிவானது. கோடையிலும் பச்சைப் பசேலென்று இருந்த புல்வெளி அது. ஏன் அவ்வளவு பச்சை என்று யாரும் கேட்கவில்லை. சட்டப்படி ஒரே ஒரு தாள்தான் வேண்டியிருந்தது: அங்கே வெள்ளம் வராது என்று துடுப்பன் தரும் சான்றிதழ்.

செவ்வந்தி என்ற முயல், வயிற்றில் குட்டிகளோடு மூன்று நாள் வரிசையில் நின்று துடுப்பனின் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது.

"அண்ணே, அந்தப் பள்ளத்துக்குத் தண்ணி வருமா?"

"கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்மா."

"நீங்க வருசா வருசம் அந்தத் தண்ணியிலதானே நீந்துறீங்க. கணக்கு எதுக்கு?"

"நான் நீந்தினதுக்குச் சான்று இல்லம்மா."

துடுப்பன் கணக்குப் போட்டது. கணினிக்குள் ஆற்றை ஓடவிட அதன் இரண்டு முனைகளையும் நாம் சொல்ல வேண்டும். மேல்முனையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, கீழ்முனையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது. நடுவில் நடப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். இப்படிக் கணினிக்குள் ஓடும் ஆற்றுக்கு 'மாதிரி' என்று பெயர். ஆறு கிழக்கே எல்லைக்கல்லைத் தாண்டிப் பக்கத்துக் காட்டு ஏரியில் விழுகிறது. மழையில் ஏரி நிரம்பினால் ஆறு போக இடமில்லாமல் திரும்பி ஏறும். அது துடுப்பனுக்குத் தெரியும். எனவே கீழ்முனையில் நிரம்பிய ஏரியின் மட்டத்தை வைத்தது. திரையில் புல்வெளி நீலமாகியது.

மறுநாள் அறைக்குள் முதலில் வாசனை வந்தது. பின்னால் தலைமைப் பொறியாளர் வந்தார். அவர் ஒரு புனுகுப்பூனை. எல்லோரும் அவரைச் சவ்வாது ஐயா என்பார்கள்.

"என்ன தம்பி இது, நீலம்?"

"தண்ணீர் ஐயா."

"எவ்வளவு?"

"முயல் எழுந்து நின்னா காது மட்டும் தெரியும்."

"தெரியுதில்ல, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேல எவ்வளவு விட்டிருக்கே?"

"பெருமழைக்கு வர்ற அளவு ஐயா."

"பதிவேட்டுல அப்படி இருக்கா?"

பதிவேட்டை எழுதுவது ஒரு கொக்கு. தினமும் நடு ஆற்றில் நின்று, தண்ணீர் காலில் எதுவரை வருகிறது என்று சொல்லும். வெள்ளம் வந்தால் பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் 'அளவு கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. ஆக, ஏழு ஆண்டுப் பதிவேட்டில் ஆறு கொக்கின் முழங்காலைத் தாண்டியதே இல்லை.

"பதிவுல இல்லாத தண்ணியை ஆத்துல விடக் கூடாது. சரி, கீழ இருக்கிற இந்த மட்டம் யாரோடது?"

"பக்கத்துக் காட்டு ஏரியோடது."

"அவன் தண்ணியை நம்ம கணக்குல ஏன் சேர்க்கிறே? எல்லைக்கல்லோட ஆத்தை முடிச்சிடு. அதுக்கு அப்புறம் தானா இறங்கிப் போயிடுதுன்னு வெச்சுக்க."

"எங்க ஐயா இறங்கும்?"

"அதை அவங்க காடு பார்த்துக்கும்."

போகும்போது ஐயா மேசையில் ஓர் அலுவலகக் கோப்பினை வைத்துவிட்டுப் போனார். துடுப்பனின் பணியை நிரந்தரமாக்கும் ஆணை. கையெழுத்து போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

டீ ஆறுவதற்குள் துடுப்பன் இரண்டு எண்களை மாற்றிவிட்டது. நடுவில் இருந்த மேடு பள்ளங்களைத் தொடவில்லை. அவற்றைச் சாண் சாணாக அளக்க அது நான்கு மாதம் உழைத்திருந்தது. அவை மிகத் துல்லியம். கணினியும் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. புல்வெளி பச்சையானது.

செவ்வந்தி மறுபடி வந்தது.

"மாதிரியில தண்ணி வரலம்மா," என்றது துடுப்பன்.

"எங்களுக்கு மாதிரியிலயா வளை ஒதுக்கியிருக்காங்க?"

துடுப்பன் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

முயல்கள் குடியேறின. புல்வெளியில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். 'தண்ணீர் வரும் திசை' என்று மேற்கே அம்புக்குறி. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. முயல்கள் கண் கொட்டாமல் மேற்கையே பார்த்திருந்தன. நான்காம் நாள் வெயில் அடித்தது. கொக்கு இன்னும் மரத்தைவிட்டு இறங்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. காது காயவைக்க முயல்கள் வெளியே வந்த நேரம், முதுகுப் பக்கம், கிழக்கிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வந்தது.

துடுப்பன் நீந்திப் போய் ஏழு முயல்களை இழுத்துக்கொண்டு வந்தது. எட்டாவது முறை போனபோது இழுத்துவர எதுவும் இல்லை. செவ்வந்தி எல்லைக்கல்லின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. குட்டிகள் பிறந்து ஒன்பது நாள். அவை வளைக்குள் இருந்தன.

விசாரணை நடந்தது. சவ்வாது ஐயாவே தலைமை.

"தண்ணி வந்தப்ப எங்கே இருந்தே?" என்று செவ்வந்தியைக் கேட்டார்.

"கல்லு மேலங்க."

"கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"மேலங்க."

'இருப்பிடம் தெளிவாக இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு துடுப்பனைக் கேட்டார்கள். "மாதிரியில தப்பு உண்டா?"

துடுப்பன் செவ்வந்தியைப் பார்த்தது. ஐயாவின் முன்னால் இருந்த பணி ஆணைக் கோப்பினையும் பார்த்தது. காலி இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

"மாதிரிக்குள்ள தப்பு இல்லை ஐயா," என்றது.

பதினோரு நாளில் தீர்ப்பு வந்தது. மாதிரி சரி. வந்த தண்ணீர் மாதிரிக்கு வெளியிலிருந்து வந்தது. பக்கத்துக் காட்டின் தண்ணீர் புல்வெளிவரை வருவது இப்போது நிரூபணமாகிவிட்டதால், புல்வெளி பக்கத்துக் காட்டைச் சேர்ந்தது. பன்னிரண்டு காட்டுப்பன்றிகள் கல்லைப் பிடுங்கி, மேட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து நட்டன. அன்று முதல் அந்தக் காட்டில் வெள்ளமே வந்தது கிடையாது.

துடுப்பனின் பணி நிரந்தரமானது. முதல் வேலையாக, புதிய எல்லையை வைத்து ஆற்றை மறுபடி ஓடவிடச் சொன்னார்கள். ஒரு சொட்டும் கரை தாண்டவில்லை.

பெயர்ந்து வந்த கல்லுக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி வந்து நின்றது. வெளிக்காட்டு விலங்குகளுக்கு டோக்கன் கிடையாது என்று காவல் கீரி சொல்லிவிட்டதால் அங்கிருந்தே கேட்டது.

"அண்ணே, அடுத்த மழைக்கு இங்க தண்ணி வருமா?"

துடுப்பன் திரையைப் பார்த்தது. படம் கல்லோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் எந்த நிறமும் இல்லை.

"அங்க ஒண்ணுமே இல்லம்மா," என்றது.

நீதி: வெள்ளத்தை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. கரையை உயர்த்தலாம், அல்லது கல்லைத் தள்ளி நடலாம். முதல் வழிக்கு மண் வேண்டும். இரண்டாவதற்குப் பன்னிரண்டு பன்றிகளும் நீந்தத் தெரிந்த ஒரு சாட்சியும் போதும்.