ஒரு பாவில் மூன்று புடவை

என் வேலை போனதற்குக் காரணம் எங்கள் முதலாளி. நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் இன்னும் மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஊரே இன்டர்நெட்டில் நண்பர் பிடிக்க ஆரம்பித்திருந்த காலம் அது. நான் வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு பட்டுப்புடவைக் கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். அதில் என் சினேகிதிகள், என் போட்டோக்கள். (எல்லாவற்றிலும் ஒரே சுடிதார்.) ஒருநாள் முதலாளி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, இத்தினி பேரு?"

"என் ஃப்ரெண்ட்ஸ் சார்."

"அப்ப நம்ம கஸ்டமருங்களையும் சேத்துடு. கடைக்குத் தனியா இன்னாத்துக்கு? உன் ஃப்ரெண்டு எல்லாம் நம்ம கஸ்டமரு, நம்ம கஸ்டமரு எல்லாம் உன் ஃப்ரெண்டு."

சேர்த்தேன். என் அத்தை பையன் "ஏய் குண்டு, சாப்ட்டியா?" என்று எழுதினால், அதற்கடியில் துபாய்க் கஸ்டமர் ஒருவர் சிரிப்பார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அப்படிச் சேர்த்தவர்களில் ரம்யா என்று ஒரு கல்யாணப் பெண். பெங்களூரில் வேலை. முகூர்த்தப் புடவைக்கு நிறமும் கரையும் அவளே சொன்னாள். "உலகத்துலயே உனக்கு மட்டுந்தாம்மா, ஒண்ணே ஒண்ணு" என்று முதலாளி கடைச் சாமி படத்தைக் காட்டிச் சொன்னார். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

தறியில் ஏற்றும் நீளவாக்கு நூலுக்குப் பாவு என்று பெயர். எங்கள் ஊரில் ஒரு பாவு ஏற்றினால் மூன்று புடவை நெய்துதான் இறக்குவார்கள். 'ஒண்ணே ஒண்ணு' போக மற்ற இரண்டும் உள் பீரோவுக்குப் போகும். அடுத்த கல்யாணப் பெண் வரும்போது, அவளுக்கும் அது 'ஒண்ணே ஒண்ணு' ஆகும். கடையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் நெசவாளர் ஏழுமலை அண்ணன் அந்த மூன்றையும் கொண்டுவந்து பாயில் விரித்தபோது எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மயில் கழுத்து நிறம். இந்தப் பக்கம் நின்றால் நீலம், அந்தப் பக்கம் போனால் பச்சை. அரக்குக் கரையில் வரிசையாக அன்னங்கள், இப்போதுதான் குளத்திலிருந்து ஏறி வந்த மாதிரி. கருடசேவைக் கூட்டத்தில் கோபுர வாசலைப் பார்த்து நிற்கிறவர்களைப் போலக் கைகூப்பாத குறையாக நின்றேன்.

கடைக் கேமராவில் படம் எடுத்து என் பக்கத்தில் போட்டேன். "மூணு அக்கா தங்கச்சி. இவ்ளோ அழகை நான் பாத்ததே இல்ல!"

சாப்பாட்டு நேரத்துக்குள் ரம்யா எழுதிவிட்டாள்: "இதுல என்னோடது எது?"

இங்கே ஒரு அறிவாளி வாயை மூடியிருப்பாள். நான் விளக்கினேன். "எது வேணா எடுத்துக்கலாம் மேடம். ஒரு பாவுல மூணுதான் வரும்." எல்லோரும் பார்க்கிற இடத்தில். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. ரம்யாவின் அம்மா இறங்கினார்.

"ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னீங்களே?"

"இந்தப் பொண்ணு விளையாட்டுக்கு எதையோ போட்டுச்சிம்மா..."

"பீரோவைத் திறங்க."

திறந்தார். அந்த அம்மாள் மூன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமாக வந்தவர் முகம் மெதுவாக மாறியது. புடவை அவரையும் பிடித்துக்கொண்டது.

"மூணையும் கட்டுங்க. என் பொண்ணு கட்டுறதை வேற எவளும் கட்டக் கூடாது."

பொய் பிடிபட்ட இடத்தில் மூன்று புடவை விற்றதை அன்றுதான் பார்த்தேன். கார் திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"கடை வேற, உன் சொந்தக் கதை வேறன்னு தெரியாதாம்மா உனக்கு? நாளையிலிருந்து வராத."

அந்த வாயைப் பார்த்து மலைத்துப்போய் பஸ் ஏறினேன். புடவையைவிட அந்த வாய்தான் பெரிய அதிசயம்.

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. "உன்னை மாதிரி உலகத்துல ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் ஆசையாகச் சொன்னார். பக்கத்திலிருந்த என் தம்பி விடவில்லை. "மாமா, பாவுல மீதி ரெண்டு எங்கன்னு கேட்டுக்கினியா?" இன்றும் எங்கள் வீட்டில் எதையும் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது.

முதலாளி, இப்போது உங்கள் கடைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் நான் கேட்கிற கேள்வியை அழித்துவிட்டு, எனக்குத் தனியாக "நல்லா இருக்கியாம்மா?" என்று செய்தி அனுப்புகிறீர்கள். நல்லாத்தான் இருக்கிறேன். தனியாக வேண்டாம். உங்கள் கஸ்டமர் அத்தனை பேரும் பார்க்கிற இடத்தில் எழுதுங்கள்: அன்றைக்கு அந்த மூன்று புடவையையும் விற்றது யார்?