கண்ணாடி அறை எதுக்கு?

‘உங்களைக் கேட்டுத்தான் செய்வேன்’ என்று சொல்லிவிட்டு, தான் நினைத்ததையே செய்து முடிக்கிற ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் அதற்குப் பாண்டியராஜன் என்று பெயர். பசுமை வீடு கட்டுகிற என்ஜினியர். தோளில் சணல் பை, கையில் செம்புத் தண்ணீர் பாட்டில், வாயில் எந்நேரமும் சமூகவியல். “சார் எல்லாம் வேணாம், தம்பின்னே கூப்பிடுங்கக்கா. ஒரு தொழில்நுட்பம் எதுக்குன்னு அதைச் செஞ்சவன் முடிவு பண்ண முடியாது. புழங்குறவங்கதான் முடிவு பண்ணணும்!” என்பார். செங்கல் லோடு இறக்குகிறவரிடமும் இதையே சொல்வார், ஒரு கல்லை வாங்கிப் பிடிக்கமாட்டார்.

மலைச்சரிவில் மிளகு போடுகிற முனீஸ்வரிக்கு மாதிரி வீடு கட்டுவதற்கு முன்னால் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார். எல்லாவற்றிலும் அவள் கேட்டது ஒன்றுதான். “மிளகு காயப்போட ஒரு எடம் வேணும் தம்பி.” தம்பி பலமாகத் தலையாட்டிவிட்டுப் போய், தெற்குப் பக்கம் ஒரு கண்ணாடி அறை கட்டினார். பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரி வீட்டைக் கதகதப்பாக்குமாம். மிளகுக்கு? அது அடுத்த கட்டமாம்.

தை பிறந்தும் மழை விடவில்லை. பறித்த மிளகு சாக்குக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. வருசத்துப் பாடு அத்தனையும் அதில்தான். மேகத்துக்கு நடுவே எட்டிப் பார்த்த வெயில்கூடக் கண்ணாடி அறைக்குள் சுள்ளென்று அடித்தது. விரித்தாள் முனீஸ்வரி தார்ப்பாயை, கொட்டினாள் மிளகை! மேலே கொடி கட்டிப் பிள்ளைகளின் ஈரச் சட்டைகளையும் தொங்கவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா, மாதிரி வீட்டைப் பார்க்க வந்த விருந்தாளிகளோடு பாண்டியராஜனின் ஜீப்பு வந்து நிற்க வேண்டும்?

“ஐயையோ, இது களம் இல்லக்கா! வெரசா அள்ளுங்க, போட்டோ எடுக்கணும்!”

வெளியே தூறல். அள்ளினால் மிளகு போச்சு. முனீஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

“புழங்குறவங்கதான் முடிவு பண்ணணும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? நான் புழங்குறேன். முடிவு பண்ணிட்டேன்.”

“அது... பொதுவாச் சொன்னதுக்கா.”

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். மிளகு தப்பித்தது. அடுத்த கூட்டத்திலேயே பாண்டியராஜன், மக்களைக் கேட்டுத் தாம் வடிவமைத்த ‘மிளகு அறை’யைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். பேசும்போது கண்கூடக் கலங்கியது, பாவம்.

பக்கத்து வீட்டுச் சோலையம்மாளுக்கும் அதே மாதிரி ஓர் அறை கிடைத்தது. அவள் அதில் கோழிக்குஞ்சுகளை விட்டாள். முனீஸ்வரி கொதித்துப்போய் ஓடினாள்.

“அடியே, மிளகு காயப்போடுற அறையில கோழியா? உன்னையக் கேட்டுத்தானே கட்டுனோம்!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு மேடையை யாரைக் கேட்டு அந்த உயரத்தில் வைத்தீர்கள்? கேட்டுத்தான் வைத்தேன் என்கிறீர்களா? எதற்கும் அடுப்படிக்குள் போய் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். கையில் கரண்டி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.