குட்டியை வந்து கூட்டிக்கொண்டு போ

என் நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நான் சுகம். முழங்கால் சுகமில்லை, அதைச் சேர்க்க வேண்டாம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் நாலு பேர் சொல்லி எனக்குத் தெரிந்திருக்கும். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாய். நீ மறந்திருப்பாய். அதே கோழிதான் இப்போதும் கிளறுகிறது, பொறுமையாக எழுத்துக் கூட்டிப் படி. போனில் சொல்லலாம்தான். போனில் நீ என்னைப் பேசவிட்டதில்லை.

விஷயம் நாய்க்குட்டியைப் பற்றியது. உன் அண்ணன் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பஸ் டிப்போ வாசலில் அட்டைப்பெட்டியில் கிடந்ததைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அதுதான். அன்றைக்கு நீ போன் செய்து, "இந்த வயசுல நாய் எதுக்கு அண்ணி? யாரு பாத்துக்கப் போறீங்க, நீங்களா, அண்ணனா?" என்று கேட்டாய். அவர் போன சமயம் வந்தபோது அதே நீ அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணன் ஞாபகமா நான் கொண்டு போறேனே" என்றாய். நான் கொடுக்கவில்லை. அண்ணன் ஞாபகமாகக் கைக்கடிகாரத்தைக் கொண்டுபோனாய். மூக்குக்கண்ணாடியைக்கூடக் கொண்டுபோனாய், உன் கண்ணுக்கு அது சேராது என்று தெரிந்தும். குட்டியாவது இங்கே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். இப்போது நானே சொல்கிறேன், வந்து கூட்டிக்கொண்டு போ. ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

குட்டி கெட்ட குட்டி இல்லை. செருப்பைக் கடிக்காது, சோபாவில் ஏறாது. ஆனால் இருந்தாற்போல் இருந்து காதைத் தூக்கும், கதவு திறந்திருந்தால் அம்பு மாதிரி ஓடிவிடும். ஒரு நாள் மேல்வீட்டுக்குள் புகுந்து, அந்த வீட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்திருக்கிறது. அவள் கையிலிருந்த குழம்புக் கரண்டியைச் சுவரில் எறிந்துவிட்டு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். இன்னொரு நாள் கீழே தையல் கடையில், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நாள் லிஃப்டுக்குள். கடிக்கவில்லை, குரைக்கவில்லை, போய் உட்காரும், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்துச் செக்ரட்டரியை உனக்குத் தெரியும், பால்கனிப் பூந்தொட்டியை டேப் வைத்து அளக்கிற மனிதர். வாசலில் வந்து நின்றுகொண்டு, "பாருங்கம்மா, பழகாத நாயை இங்க வெச்சிக்க முடியாது. மாசக் கடைசிக்குள்ள ஏதாவது வகுப்புல சேத்துப் பழக்குங்க. இல்லன்னா எங்கயாவது குடுத்துடுங்க" என்றார். "ரெண்டு கால்ல நடக்கறவங்களையும் அங்க சேத்துக்கறாங்களான்னு கேட்டுச் சொல்றேன்" என்றேன். அதிலிருந்து அவருக்கு என்மேல் இன்னும் பிரியம்.

இந்த வகுப்பைத் தேடி நான் அலைந்ததை என்னவென்று சொல்ல. முதலில் போன இடத்தில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, நாய்க்கு நாய் தனி மெத்தை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தொகையைச் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். இரண்டாம் தரமும் அதை அவளால் சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். கூசாமல் சொன்னாள். "இவ்ளோ வாங்கிட்டு என்னம்மா சொல்லிக் குடுப்பீங்க?" என்றேன். "மத்த நாய்ங்களோட, மனுஷங்களோட நல்லாப் பழகச் சொல்லிக் குடுப்போம் ஆன்ட்டி." "என் மகன் இன்ஜினியரிங் படிச்சதுக்கே இவ்ளோ ஆகலையேம்மா. அவனே இன்னும் யாரோடயும் பழகமாட்டேங்கறான்" என்றேன். குட்டிக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். எனக்கு வைக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்.

பிறகு அந்த மகனே போனில் ஒரு வகுப்பைப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒரு மீசைக்காரர், அன்பாகவும் கண்டிப்பாகவும் சொல்ல வேண்டும், இப்படி, என்று சொல்லி, "உட்கார்!" என்று ஒரு அதட்டுப் போட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். குட்டி நின்றுகொண்டு என்னையே பார்த்தது.

கடைசியில் தையல் கடைக்காரர்தான் சொன்னார், மூடிக்கிடக்கிற பெட்ரோல் பங்க்கில் ரிட்டயரான பி.டி. டீச்சர் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு நடத்துகிறாள், முடிந்ததை டப்பாவில் போட்டால் போதும் என்று. போனேன். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. நாய்களிடம் கொஞ்சிப் பேசுகிறாள், நாய் வளர்க்கிறவர்களைத்தான் வெயிலில் நிறுத்தி அதட்டுகிறாள். எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, நாய்களின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, "பாட்டி, உங்க குட்டியப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க பாப்போம்" என்றாள். நிறத்தைப் பார்த்து என் பேத்தி வைத்த பேர் பிஸ்கட். நானும் ஆனமட்டும் குரலெடுத்து, "பிஸ்கட்!" என்று கூப்பிட்டேன். மொத்த வகுப்பும் ஓடி வந்தது. கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று என் தோளில் இரண்டு கையையும் போட்டது. என் குட்டி மட்டும் வரவில்லை, தூரத்தில் பெட்ரோல் குழாயை மோந்துகொண்டு நின்றது.

அந்தக் களேபரத்தில், கடைசியில் நின்ற ஒரு பெண் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏங்க, அந்தப் பையக் கொஞ்சம் எடுங்க" என்றாள். அவ்வளவுதான். என் குட்டி காதைத் தூக்கிற்று. வட்டத்தைக் குறுக்கே வெட்டி ஓடி, அவள் காலடியில் போய் உட்கார்ந்து வாலை ஆட்டிற்று. அவள் புருஷனும் பையோடு வந்து நின்றான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்க்கிறார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தாள்.

"வீட்ல தாத்தாவ எப்படிக் கூப்பிடுவீங்க பாட்டி?"

நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்களேன்."

"வரமாட்டார்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே விட்டுவிட்டாள்.

உனக்குத் தெரியும், உன் அண்ணனை நான் வேறு எந்த மாதிரியும் கூப்பிட்டதில்லை. அடுப்பங்கரையிலிருந்து "ஏங்க" என்றால் டீ ஆறுகிறது என்று அர்த்தம். அவர் "ம்" என்பார், எழுந்திருக்கமாட்டார். இரண்டாம் தரத்துக்குத்தான் வருவார். கூடவே குட்டியும் வரும், அவர் தன் ரஸ்க்கில் பாதியை ஒடித்து அதற்குப் போடுவார். அது தன் பேரே "ஏங்க"தான் என்று நினைத்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும், அது முதல் தரத்திலேயே வரும். அவர் போன பிறகும் என் வாய் நிற்கவில்லை. அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியவில்லை. டீ கொதித்ததும் கூப்பிட்டுவிடும். கூப்பிட்ட பிறகுதான் ஐயோ என்று இருக்கும். அந்த ஐயோ வருவதற்குள் கூடத்தில் டக்டக் என்று நகம் தட்டுகிற சத்தம், யாரோ எழுந்து வருகிற சத்தம், கேட்டுவிடும். முழு ரஸ்க்காகவே கொடுத்துப் பழக்கிவிட்டேன். மேல்வீட்டிலும் தையல் கடையிலும் லிஃப்டிலும் அவரவர் புருஷனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்; குட்டி தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று மரியாதையாகப் போயிருக்கிறது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வகுப்பு முடிந்து திரும்பும்போது, எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி, "ஏங்க, பஸ் வந்துடுச்சு!" என்று கத்தினாள். கயிறு என் கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்கூட்டர்காரன் பிரேக் போட்டுச் சாய்ந்தான், சக்கரம் குட்டியின் வாலை உரசிக்கொண்டு நின்றது. "நாய ஒழுங்கா வெச்சிக்கத் தெரியலன்னா எதுக்கும்மா வளக்கறீங்க?" என்று கேட்டான். குட்டியின் வாலைத் தடவிப் பார்த்துவிட்டு, வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே வந்தேன்.

மறு வாரம் டீச்சரிடம் சொன்னேன். "புதுசா ஒரு சின்னப் பேர் வைங்க. அந்தப் பேருக்கு வந்தா ரஸ்க் குடுங்க. பழையபடி கூப்பிட்டு வந்தா ஒண்ணும் குடுக்காதீங்க, மூஞ்சியத் திருப்பிக்குங்க. நாளாவட்டத்துல அதுக்கு மறந்துடும்" என்றாள். "எனக்கு?" என்றேன். "உங்களுக்கு எதுக்குப் பாட்டி மறக்கணும்? அது உங்க வார்த்தைதானே" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது. நான் இந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பவும் சுற்றி வந்தது. உன் அண்ணனோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் கூப்பிட்டுவிட்டு வந்த மனுஷனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது கிடையாது. பாக்கெட்டோடு ரஸ்க்கைத் தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே என்னால் ஆகாது. பழக்கவும் ஆகாது, இப்படியே வைத்துக்கொண்டால் ஒரு நாள் ஏதாவது சக்கரத்தில் போய்விடும். உன் வீட்டில் கேட் இருக்கிறது, சுற்றிலும் இடம் இருக்கிறது, செக்ரட்டரி இல்லை. வந்து கூட்டிக்கொண்டு போ. மிக்ஸி சத்தத்துக்குப் பயப்படும், போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போடு. பால் ஒத்துக்கொள்ளாது. வரும்போது என் குக்கரின் ரப்பர் வளையத்தைக் கொண்டு வா. குக்கரைத் திருப்பிக் கொடுத்தாய், வளையத்தை மறந்துவிட்டாய் என்று சொன்னாய், நானும் நம்பினதாகக் காட்டிக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரர் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும். நீ கூப்பிடுகிறபோதெல்லாம் அவர் முதல் தரத்திலேயே எழுந்து வரட்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: உறை வாங்காமல் இந்தக் கடிதம் டிவி மேலேயே கிடந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. வராதே. மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். நீ ஒரு நாளைக்கு எத்தனை தரம் உன் வீட்டுக்காரரை "ஏங்க, ஏங்க" என்று ஏலம் விடுவாய் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தரமும் என் குட்டி உன் காலடியில் வந்து உட்காரும். கடிகாரம் போனது போகட்டும், கண்ணாடி போனது போகட்டும், இதை என்னால் தாங்க முடியாது. எழுந்து உட்கார்ந்து அன்றைக்கே பழக்க ஆரம்பித்துவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே எத்தனை டீ குடித்தேன் என்று கேட்காதே. புதுப் பேர் செக்கு. செக்ரட்டரியின் சுருக்கம் என்பது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். அவரே நேற்றுக் குனிந்து, "செக்கு, ஷேக் ஹேண்ட்" என்று கையை வாங்கிக்கொண்டு, "நல்லாப் பழகிடுச்சேம்மா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலையில் டீ கொதித்ததும் வாய் தன்னால் கூப்பிட்டுவிட்டது. கூடத்தில் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். குட்டி மல்லாந்து படுத்துக்கொண்டு காதைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. டீச்சர் சொன்னபடி பார்த்தால் குட்டி பாஸ்.