அரசியின் வால் விவகாரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் சுகம். உங்கள் மருமகளும் சுகம். அவள் இங்கே சுகமாக இருப்பதுதான் இப்போது பிரச்சினையே. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும் என்றும், டாக்டர் இன்னும் டிவி பார்க்க விட்டிருக்க மாட்டார் என்றும் சேர்த்தே நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். உங்கள் வீட்டில் போனை எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், இதுவோ உங்கள் இரண்டு காதோடு நிற்க வேண்டிய சங்கதி, அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைக்குச் செய்தது போல இந்தக் கடிதத்தையும் சிவப்பு மையால் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பதிப்பகத்தில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த பதினாறு வருஷமும் நான் உங்களை "யோவ் சிவப்பு மை" என்றுதான் கூப்பிட்டேன், நீங்கள் என்னை "யோவ் ராக்கெட்டு" என்றீர்கள். சம்பந்தி ஆன நாளிலிருந்து "அவர்களுக்கு" போட்டு எழுத வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. என் டைப்பிங்கைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். எழுத்தாளரின் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன், தேடினாலும் பிழை கிடைக்காது. புரூஃப் பார்ப்பதில் நீங்களும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எழுத்துப்பிழையோடு விடாமல் கதையில் உள்ள பிழையையும் பிடிப்பீர்கள். கதாநாயகனுக்கு இடது கையில் அடிபட்டு அடுத்த பக்கத்தில் வலது கையில் கட்டு இருந்தால், எழுத்தாளரைக் கேட்க யார் காத்திருப்பது என்று நீங்களே கட்டை அவிழ்த்து இடது கைக்கு மாற்றிவிடுவீர்கள். அப்படி நம் இருவர் கைபட்டு வெளியே போனதுதான் அந்த எழுநூறு பக்க மாயாஜால நாவல். கணக்கு டீச்சராக இருந்த அந்த அம்மா எழுதிய ஒரே நாவல். மூடுபனி நாட்டு அரசியும் பேசும் ஏரியும் வந்த புதிதில் யாரும் சீண்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு பதிப்பாகி, அந்த அம்மா காலமாகி, வாசகர் மன்றம் வைத்து, இப்போது டிவியில் தொடராகவும் வந்துவிட்டது.

அந்த நாவலின் புரூஃப் தாள்கள் வேலை முடிந்து குப்பைக்குப் போனபோது நான்தான் கட்டாக வீட்டுக்குத் தூக்கி வந்து மகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். மூன்றாம் வகுப்பில் அவள் நோட்டுக்குள் இருந்த வாய்ப்பாட்டைப் படித்ததைவிட நோட்டின் அட்டையைப் படித்ததுதான் அதிகம். இன்றைக்கு அவள் அந்த வாசகர் மன்றத்துக்கே செயலாளர் என்றால் அதற்கு விதை போட்டது என் சிக்கனம். அதே தொடருக்கு உங்கள் மகன் கலைப் பிரிவில் ஆயுதம் செய்கிறவராகப் போனதும் நாம் இரண்டு பேரும் எவ்வளவு பூரித்துப்போனோம். புத்தகம் மகள் கையில், தொடர் மாப்பிள்ளை கையில், வீட்டுக்குள்ளேயே மூடுபனி நாடு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். என் நாக்கில் சனி.

ஆறாவது பாகம் வந்தது. பாலத்துச் சண்டை. புத்தகத்தில் என்ன இருக்கிறது, உங்களுக்கே மனப்பாடம்: "அரசி வாலைச் சுழற்றினாள். எதிரிகள் பின்வாங்கினர்." எழுநூறு பக்கத்தில் அரசிக்கு வால் இருப்பது தெரியவருகிற ஒரே இடம். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாசகர்கள் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், படம் வரைந்திருக்கிறார்கள், அரசியின் தாய்வழிப் பாட்டன் யார் என்று வம்சாவளி போட்டிருக்கிறார்கள். டிவியில் அரசிக்கு வால் இல்லை. கையில் ஒரு வாள், சுழற்றினாள், எதிரிகள் பின்வாங்கினார்கள். அந்த வாள் மாப்பிள்ளை நாலு மாதம் இழைத்து, பூச்சு பூசி, கைப்பிடியில் முந்நூறு செதில் செதுக்கிச் செய்த வாள். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பாராட்டுவாள் என்று.

"வால் எங்க?" என்றிருக்கிறாள்.

"அதான் கையில வெச்சிருக்காளே."

"அது வாள். நான் கேக்கறது வால்."

"வால் இருந்தா சிம்மாசனத்துல எப்படி உக்காருவா? எழுநூறு பக்கத்துல வேற எங்கயாவது வால் வருதா?"

"ரகசியத்தை ஊர் பூரா சொல்லிட்டா இருப்பா? பதினோராவது அத்தியாயத்துல வாள் ஏரியில விழுந்துடுச்சு. பன்னண்டுல அவ கைக்கு ஏது வாள்?"

"இன்னொண்ணு வெச்சிருந்திருப்பா."

"அரசி என்ன வாள் கடையா வெச்சிருந்தா?"

இதோடு நின்றிருந்தால் தேவலை. அவள் "தகர வாள்" என்று சொல்லிவிட்டாள். அவர் "அச்சுல வந்ததெல்லாம் வேதமா" என்று கேட்டுவிட்டார். அச்சைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை என் மகளிடம் சொல்லலாமா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், இன்றோடு பதினெட்டு நாள். மேல்மாடிக்காரர் படியில் என்னை நிறுத்தி, "என்ன சார், உங்க வீட்ல எந்நேரமும் வாள் வாள்னு கத்தறாங்க?" என்று கேட்டார். அவருக்கு எந்த வாள் என்று நான் எப்படி விளக்குவது, பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. உங்கள் சம்பந்தியம்மா இன்னும் ஒரு படி மேல். புத்தகமும் படித்ததில்லை, தொடரும் பார்த்ததில்லை, "பொம்பளைக்கு வால் எதுக்கு, நாக்கு போதாதா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு நாள் முழுக்கப் பாத்திரத்தை டங்கென்று வைக்கிறாள். நடுவில் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டம். நூலக மாடியில் முந்நூறு பேர். பாதிப் பேர் துணியில் வால் தைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், பாதிப் பேர் அட்டை வாளோடு. வால்காரர்கள் நாற்காலியில் உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அப்போது பட்டது. என் மகள் மேடை ஏறினாள். துண்டுச்சீட்டு கிடையாது. அத்தியாயம், பக்கம், வரி என்று எண்ணோடு சொல்கிறாள். ஏரியில் விழுந்த வாளைச் சொன்னாள். ஆசிரியர் அம்மாவிடம் ஒரு பேட்டியில் வாலைப் பற்றிக் கேட்டபோது, "உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்" என்று அவர் சிரித்ததைச் சொன்னாள். "தொடர் எடுக்கறவங்க எதை வேணா சேர்க்கட்டும், அவங்க கற்பனை. ஆனா எழுதினவங்க வெச்சதை எடுக்கறதுக்கு முன்னாடி ஏன் வெச்சாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும்" என்றாள். அட்டை வாள் வைத்திருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது சம்பந்தி, வெட்கப்படாமல் சொல்கிறேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையில் அவளை ஊரே "வாலு" என்று கூப்பிட்டது. இன்றைக்கு வாலுக்காக ஒரு மண்டபத்தையே எழுப்பி நிறுத்துகிறாள்.

துடைத்துவிட்டுத் திரும்பினால் கடைசி வரிசையில் பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை. தொப்பியை இழுத்துவிட்டு முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நல்லாப் பேசறா இல்ல மாமா?" என்றார்.

"கூப்பிட்டுட்டுப் போங்களேன்."

"வால் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாத்தான் வருவாளாம். நாலு மாசம் செஞ்ச வாள் மாமா. அது தப்புன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

அவர் முகம் வாடிப்போயிருந்தது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன். சம்பந்தி, அரசிக்கு வால் கிடையாது. அந்த அம்மா எழுதியது வாள்தான். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடித்தவன் நான், அந்தம்மா ள-வை இரண்டு சுழி சுழிப்பார், இன்னும் கண்ணில் நிற்கிறது. வாலாக்கியது என் விரல். நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அடித்தால் ள வரும், அழுத்தாவிட்டால் ல வரும். என் மேஜைக் கம்ப்யூட்டரில் அந்த ஷிஃப்ட் பொத்தான் மழை நாளில் மக்கர் பண்ணும், ஓங்கி அமுக்கினால்தான் வேலை செய்யும். என்றைக்கோ ஒரு மத்தியானம் நான் ஓங்கவில்லை. நீங்களும் அன்றைக்கு ஜுரமாக இருந்திருப்பீர்கள், கவனிக்கவில்லை, உங்களை நான் குறை சொல்ல மாட்டேன், எவ்வளவு பெரிய கண்ணும் ஒரு நாள் அசரும்.

டிவிக்காரர்கள் வாள் கொடுத்த அன்றைக்கே எனக்கு இது உறைத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். யாரிடம்? மேடையில் நின்ற மகளிடமா? முந்நூறு பேர் முன்னால் அவள் தூக்கிப் பிடித்தது அப்பாவின் கைப்பிசகு என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை எப்படி நிமிர்ந்து நடக்கும். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒரு பெண் பஞ்சு திணித்து, மணி கோத்து, மூன்றடி வால் தைத்துக் கட்டி வந்திருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் எழுதியதை டைப் அடித்திருக்கிறேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது. நான் இந்த உலகத்துக்குச் சொந்தமாக எழுதிக் கொடுத்தது இந்த ஒரு எழுத்துதான். அதைப் போய் மணி கோத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று, தப்பு என்று தெரிந்தும், பெருமையாகத்தான் இருந்தது.

போகட்டும். பெருமை என்னோடு, குடும்பம் அவர்களோடு. நீங்கள் மாப்பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, "உன் வாள்தான் சரி, தப்பு ராக்கெட்டுடையது, இது உன் மனசோட இருக்கட்டும், நீ போய் வால் இருந்ததுன்னு சொல்லிக் கூட்டிட்டு வா" என்று சொல்ல வேண்டும். தான் சரி என்று உள்ளுக்குள் தெரிந்தவனுக்கு வெளியே தோற்பது கஷ்டமாக இருக்காது. நம் பிள்ளைகள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அடுத்த பாகம் பார்க்கட்டும், உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறட்டும், அம்மாவின் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியட்டும். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருஷப் பிழையைச் சுமக்கும் உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: யோவ் சிவப்பு மை,

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே என் மகள் பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினாள், பழைய புரூஃபில் வாலுக்குச் சாட்சி கிடைக்குமா பார்க்கிறேன் என்று. கிடைத்தது. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு, அட்டையின் உள்மடிப்பு, பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு. என் டைப்பிங்: "அரசி வாளைச் சுழற்றினாள்." ள. அட்சர சுத்தமான ள. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு அடி, ஓரத்தில் ல, அதற்குக் கீழே உன் பொடிக் கையெழுத்தில் "வாள் ஏரியில், அத். 11 காண்க", உன் சுருக்கொப்பம், தேதி. திருத்தத்தை ஏற்றியது நான்தான், ஒரு நாளைக்கு இருநூறு திருத்தம் ஏற்றுகிறவனுக்கு எதய்யா ஞாபகம் இருக்கும். என் விரல்ல பிழை இல்ல. பதினெட்டு நாளா இல்லாத பழியைச் சுமந்திருக்கேன்.

அழுதுவிடுவாள் என்று பயந்தேன். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அப்பா, நான் முந்நூறு பேருக்கு எடுத்துச் சொன்னதை மாமா எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வெச்சிருக்காருப்பா" என்கிறாள். எழுதியது வாள், அதனால் உன் மகன் சொன்னது சரியாம். ஆறு பதிப்பு வந்தும் அந்த அம்மா மாற்றவில்லை, அதனால் வாலும் சரியாம். கைப்பிடிச் செதிலை அன்றைக்கே கவனித்தாளாம், அழகாக இருந்ததாம், அதை நேரில்தான் சொல்வாளாம். ஆனால் ஏரியில் விழுந்த வாள் எப்படித் திரும்பி வந்தது என்பதற்கு மட்டும் தொடர்காரர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டுமாம்.

எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு. பிழையும் போச்சு, அதோட சேர்ந்து வாலும் போச்சு. அது உன்னுதுய்யா. மணி கோத்து மூணடி நீளத்துக்குத் தெச்சு வெச்சிருக்காங்க, ஒரு தரம் வந்து பாரு.

தபாலுக்குப் போடவில்லை. கணக்கு நோட்டையும் இந்தக் கடிதத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவளே வருகிறாள். இதை நீ படிக்கும்போது உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பாள். அந்தச் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பாருய்யா.